தோளில் உதைக்காத துப்பாக்கி

போன மாதம் முழுக்க, சனிக்கிழமைதோறும் மாமல்லபுரம் கடற்கரையில் நின்று பலூன் சுட்டுக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். வயது அறுபத்தாறு. சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவன். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, ஏர்கன்னைத் தோளில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் பஞ்சுமிட்டாயுடன் ஒரு குட்டிப்பெண். "தாத்தா, எப்ப முடிப்பீங்க?" என்று கேட்கிறாள். கேட்கத்தானே செய்வாள்?

பலூன் கடைக்காரர் மோகன் முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் வாயைத் திறந்துவிட்டார்.

"நைனா, தப்பா நினைக்காத. இன்னா மேட்டரு? உன் வயசுல எவனும் என் கடையில நாப்பது குண்டு வாங்கினதில்ல."

"அமெரிக்கா போறேன். வான்கோழி சுட."

மோகன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வான்கோழிய எதுக்கு நைனா சுடணும்? எங்க தெருவுல ரெண்டு கீது. கையில அரிசி வெச்சிகினு கூப்ட்டா வரும். கழுத்த புடிச்சா முடிஞ்சிது."

நியாயமான பேச்சுதான். ஆனால் அங்கே காட்டு வான்கோழி என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கண் அவ்வளவு கூர்மை. நீங்கள் மூக்கைச் சொறிந்தால்கூட அரை பர்லாங்குக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு ஓடிவிடுமாம். வசந்த காலத்தில் சில வாரங்கள் மட்டும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வேட்டையாடலாம். நம் ஊரில் காடைக்குக் குறி வைத்தாலே ஜெயில். அங்கே அப்பா, பிள்ளை, தாத்தா எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள் — நாம் குலதெய்வம் கோயிலுக்குப் போகிற மாதிரி.

சரி, எனக்கு எதற்கு இந்த வேலை? வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வீரம் தெரியும். பாத்ரூமில் பல்லி இருந்தால் குளியலைத் தள்ளிப்போடுகிறவன் நான்.

இதுவரை இந்தப் பத்தியில் எழுதாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது...

எனக்கு ஒரே மகள். கயல்விழி. அமெரிக்காவில், மிசௌரி என்கிற மாநிலத்தில் இருக்கிறாள். நான்கு வருடம் முன்பு ஈதன் என்கிற அமெரிக்கப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பத்திரிகை அனுப்பினாள், டிக்கெட் போடுகிறேன் என்றாள், போனில் அழுதாள். நான் போகவில்லை.

"மூட்டு வலிம்மா. அவ்ளோ நேரம் பிளைட்ல உக்கார முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு மூட்டு வலியே கிடையாது. அன்று சாயங்காலம்கூட எங்கள் ஊர் கொளவாய் ஏரிக்கரையில் இரண்டு மைல் நடந்தேன். கோபம். என்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டாளே என்கிற கோபம். அதைச் சொல்லத் துணிச்சல் இல்லாமல் மூட்டின்மேல் பழியைப் போட்டேன். என் மனைவி வசந்தா தன் அண்ணனோடு போய்விட்டு வந்தாள். வந்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு நானும் என் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் ஒரே பேச்சுதான். "சாப்டியா?" "சாப்டேன்பா. நீ?" "சாப்டேன். அம்மாகிட்ட குடுக்கறேன்."

நாலு வருடம். இவ்வளவுதான்.

இந்தப் பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அம்மாகிட்ட குடுக்கறேன் என்று நான் சொல்வதற்குள் கயல் குறுக்கே பேசினாள்.

"அப்பா, இருப்பா. ஈதனோட அப்பா உன்ன கூப்பிடறாரு. ஏப்ரல்ல வான்கோழி வேட்டைக்கு. வருஷா வருஷம் குடும்பத்தோட போவாங்க. நீயும் வரணுமாம். உனக்கு முடியுமா..."

"வரேன்."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன். இந்த முறையும் தட்டிக்கழித்தால் இன்னொரு முறை கூப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒன்றரை வருடம் முன்பு சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் பக்கம் வண்டியோடு சரிந்து விழுந்தேன். வலது தோளில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன். கயலுக்குச் சொல்லவில்லை. தூர தேசத்தில் தனியாக உட்கார்ந்து கவலைப்படுவாளே, எதற்கு? வீடியோ கால் வந்தால் வசந்தா என் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, போனை என் மூக்குக்கு நேராகப் பிடிப்பாள். கையைக் கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஆறு வாரமும் என் மகள் பார்த்தது என் மூக்கை மட்டும்தான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டில் இந்த நாடகம் நடக்கவில்லை, சொல்லுங்கள்?

டாக்டரிடம் போய், "பெரிய துப்பாக்கி சுடலாமா சார்?" என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க பால் பாக்கெட் தூக்கறதுக்கே யோசிக்கணும். சுட்டா அது பின்னால உதைக்கும் சார். மறுபடி கிழிஞ்சா தைக்க ஒண்ணும் இருக்காது."

சரி, உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்கு மூட்டு வலி. வேட்டைக்குத் தோள் வலியா? நானே மகளாக இருந்தால் நம்ப மாட்டேன். பொய்யான வலியை அன்றே செலவு செய்துவிட்டேன். நிஜ வலிக்கு என்னிடம் காரணம் மிச்சமில்லை.

அடுத்த வாரம் சம்பந்தியே வீடியோவில் வந்தார். டாம் என்று பெயர். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை மீசை, நல்ல சிரிப்பு. கயல் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். சிவப்பு, வெள்ளை, நீலம் — இந்த மூன்று கலரிலும் துணி உடுத்தக்கூடாதாம். வான்கோழிச் சேவலின் தலை அந்த மூன்று கலரில் இருக்குமாம். வேறு வேட்டைக்காரர் யாராவது என் சட்டையைப் பார்த்துச் சேவல் என்று நினைத்துவிட்டால் கதை முடிந்தது. ஆக, சம்பந்தி வீட்டுக்கு வெள்ளை வேட்டியில் போகிற கனவு அங்கேயே காலி.

பிறகு டாம் என் உயரம் கேட்டார். கை நீளம் கேட்டார். கடைசியில், "தோளில் ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்டார்.

"நோ, நோ. வெரி ஸ்ட்ராங்" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு துப்பாக்கியோடு வந்தார். அவருடைய அப்பா வைத்திருந்த, பன்னிரண்டு கேஜ் என்கிற பெரிய ரகம். எனக்கென்று துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாராம். கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அதனால்தான் மாமல்லபுரம். தோளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. வசந்தாவிடம் திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அங்கேதான் சொதப்பல். ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"இன்னாங்க, அது கல்யாணம் ஆவாதவங்க மாலையோட சுத்தற கோயில். வாராவாரம் போயிகினு இருக்கீங்களே... உங்களுக்கு இன்னா, ரெண்டாங் கல்யாணமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஏர்கன் உதைக்கவே உதைக்காது என்பது கடற்கரைக்கே தெரியும். ஆனால் எனக்கு அதைத் தூக்குவதே பாடாக இருந்தது. இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக்கொடுத்துத்தான் ஏற்றினேன். மோகன் கவனித்துவிட்டார்.

"வலிக்குதா நைனா?"

"இல்லப்பா."

"சும்மா சொல்ற. கண்ணுல தண்ணி நிக்குது. யாருக்காண்டி இந்த பேஜாரு?"

"பொண்ணுக்காக."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. "அப்ப லேசானதா ஒண்ணு குடுக்கச் சொல்லு நைனா. துப்பாக்கி லேசா இருந்தா தோளு தாங்கும்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பத்து குண்டு கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.

இப்படியே போயிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் மாறியது.

இங்கே சாயங்காலம், அங்கே காலை. கயல் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். கையில்லாத பனியன் போட்டிருந்தாள். மேல் தட்டிலிருந்து ஏதோ டப்பா எடுக்கக் கையை உயர்த்தினாள். வலது தோளில், அக்குளுக்கு மேலே, ஒரு கன்றல். கருநீலம். ஓரமெல்லாம் மஞ்சள். என் உள்ளங்கை அகலம் இருக்கும்.

நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். சட்டென்று ஒரு ஸ்வெட்டரை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"இன்னாம்மா அது?"

"எதுப்பா? ஒண்ணுமில்லப்பா. அம்மாகிட்ட குடு."

ஈதன்தான். அடித்திருக்கிறான். வேறென்ன?

மூன்று நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். வசந்தாவிடம் சொல்லவில்லை. சாதம் இறங்கவில்லை. என் ஒரே பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவனை ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை நான். அவன் கண்ணைப் பார்த்து, "என் பொண்ணப் பத்திரமா பாத்துக்கோ தம்பி" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நாளில் நான் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கேட்க ஒரு அப்பன் இருக்கிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குமே தெரியுமா?

புதன்கிழமை காலை ஆறரை மணி. வசந்தா பால் வாங்கக் கீழே போயிருந்தாள். அங்கே செவ்வாய் ராத்திரி எட்டு மணி. வீடியோவில் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிடுவது நாலு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அப்பா? இன்னாப்பா ஆச்சு? அம்மா எங்க?" பதறிவிட்டாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும். உன்ன யாரு அடிச்சது?"

"இன்னாது?"

"உன் தோள்ல. நான் பாத்தேன். யாரு அடிச்சது, சொல்லு. நான் இன்னிக்கே பிளைட் ஏறி வந்துகினே இருப்பேன்."

அந்த நேரம் பார்த்து ஈதன் அவள் பின்னால் வந்தான். கையில் ஐஸ் பை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினான். நான் கை ஆட்டவில்லை. முறைத்தேன்.

கயல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை — போன் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா... அடிச்சது அவன் இல்லப்பா. உன் துப்பாக்கிப்பா."

"என் துப்பாக்கியா?"

"உனக்குத் துப்பாக்கி பாக்கறதுக்காக மூணு வாரமா சனிக்கிழமை துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்சுக்குப் போயிகினு கீறேன். அஞ்சு துப்பாக்கி சுட்டுப் பாத்தேன். டாம் குடுத்த பன்னண்டு கேஜ் இருக்கே... ஒரே ஒரு குண்டுதான். தோளு அப்படியே போயிடுச்சு. உனக்கு அத்த குடுக்கவே கூடாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்."

"உனக்கு யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது?"

அவள் நிறுத்தவில்லை. ஆபீசில் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி மூச்சுவிடாமல் சொன்னாள். கேஜ் நம்பர் கூடினால் குழாய் சிறிசு, உதையும் பொதுவாகக் கம்மியாம். சரி என்று லேசான இருபது கேஜ் ஒன்றை எடுத்திருக்கிறாள். அது பன்னிரண்டுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லையாம்.

"லேசா இருந்தா நல்லதுதானே?" என்றேன், மோகனை நினைத்துக்கொண்டு.

"அதுதான்பா எல்லாரும் பண்ற தப்பு. துப்பாக்கி கனமா இருந்தா உதைய அதுவே வாங்கிக்கும். லேசா இருந்தா மொத்தமும் உன் தோள்ல எறங்கும். கடைக்காரரு பிராக்டிஸ் குண்டு போட்டு சுடச் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னேன். வான்கோழி குண்டு அதவிட பலமா உதைக்கும். உன் தோளு எத்த வாங்கப்போவுதோ அத்ததானே நான் வாங்கிப் பாக்கணும்? கடைசியில ஒண்ணு கெடைச்சிதுப்பா. இருபது கேஜ்தான், ஆனா கனமானது. ஆட்டோமேட்டிக். வெடிக்கற கேஸ்ல கொஞ்சத்த அதுவே எடுத்துக்கும். பின்னால மெத்துனு ரப்பர். அஞ்சுல அதுதான் கம்மியா உதைக்குது."

நான் பழைய பாட்டையே பாடினேன். "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நான் ஸ்ட்ராங்காத்தானே..."

"அப்பா." ஒரே வார்த்தை. எட்டாவதில் அவள் மார்க் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட மறந்தபோது இதே குரலில்தான் கூப்பிட்டாள். "வலது தோளுக்கு இன்னா ஆச்சு?"

"யாரு சொன்னது? அம்மாவா?"

"யாரும் சொல்லல. பொங்கலன்னிக்கி வீடியோல நீ இடது கையால விபூதி பூசிகினே. சின்ன வயசுல நான் இடது கையால தட்ட நீட்டினாலே தலையில குட்டுவியே... நீ போயி சாமி முன்னால இடது கையால பூசறியே, அப்ப வலது கை எவ்ளோ வலிக்கணும்? அம்மாவ கேட்டேன். ஒண்ணுமில்லன்னாங்க. ஒண்ணுமில்லன்னு அம்மா ரெண்டு தடவை சொன்னா பெருசா ஏதோ கீதுன்னு அர்த்தம்."

அப்போதும் போனை இடது கையில்தான் பிடித்திருந்தேன்.

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா... மறுபடி சாக்கு சொல்றேன்னு நினைப்பியேன்னுதான்."

ஈதன் அவளுக்கு அருகில் தரையில் உட்கார்ந்து, ஸ்வெட்டருக்கு மேலேயே ஐஸ் பையை அவள் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். ரொம்பப் பக்குவமாக. நான் மூன்று நாளாக மனசுக்குள் கழுவில் ஏற்றிக்கொண்டிருந்த பையன்.

"கயல். மூட்டு வலி பொய்ம்மா."

"தெரியும்பா. அன்னிக்கே தெரியும்."

"கல்யாணத்துக்கு வராதது பெரிய தப்பு."

"ஆமாம்பா."

'பரவால்லப்பா' என்று அவள் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றாள். அந்த ஆமாம் எனக்கு வலித்தது. ஆனால் நாலு வருடத்தில் என் மகள் என்னிடம் சொன்ன முதல் நிஜமான வார்த்தை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் இந்தப் பத்தியில் என்னென்னவோ எழுதியாகிவிட்டது, இதை மறைப்பானேன்?

என் கண்ணீரைப் பார்த்து ஈதன் பயந்துவிட்டான். "வாட் டிட் ஹி சே?" என்று கேட்டான். கயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ சொன்னாள். அவன் உடனே என்னைப் பார்த்துத் தன் தோளைத் தட்டிக்காட்டி, கட்டைவிரலை உயர்த்தினான்.

"அவன்கிட்ட இன்னா சொன்னே?"

"எந்தத் துப்பாக்கி ரொம்ப உதைச்சிதுன்னு அப்பா கேக்கறாருன்னு சொன்னேன். நீ இன்னா கேட்டேன்னு சொன்னா பாவம், ஒடைஞ்சி போயிடுவான்."

பாருங்கள், என் மானத்தையும் அவளேதான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? நம் வீடுகளில் இல்லாத வலியை ஊரெல்லாம் சொல்வோம். தலைவலி, மயக்கம், பி.பி. — ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போகாமல் இருப்பதற்கு எத்தனை வியாதி வைத்திருக்கிறோம்! நிஜமாக வலிக்கும்போது மட்டும் துண்டைப் போர்த்திக்கொண்டு மூக்கைக் காட்டுவோம். பிள்ளைகள் கவலைப்படுவார்களாம். அவர்கள் அந்தப் பக்கம் நம் எந்தக் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பின்னால் ஏதோ சத்தம். வசந்தா. கையில் பால் பாக்கெட்டோடு எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. போனை என்னிடமிருந்து பிடுங்கினாள்.

"ஏண்டி, உன்ன யாரு அங்க போயி துப்பாக்கி சுடச் சொன்னது? தோளு கன்னிப்போயிகீது, என்கிட்ட சொல்லல! இந்த மனுசனும் மூணு நாளா துன்னாம கொள்ளாம உக்காந்துகினு இருக்காரு, கேட்டா வாய்வுன்றாரு! நல்லா இருக்குடி உங்க ரெண்டு பேரு நியாயம்!"

இரண்டு பேருக்கும் சரிசமமாகத் திட்டு விழுந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

நேற்று அந்த விவரத்தையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கனமான இருபது கேஜ், ஆட்டோமேட்டிக், ரப்பர். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "யாருங்க இவ்ளோ யோசிச்சுத் தேடினது?" என்று கேட்டார். என் பெண் என்றேன். ஒரே ஒரு முறை சுட்டுக்கொள்ளலாம், அதுவும் உட்கார்ந்தபடி, துப்பாக்கியை ஏதாவது தாங்கலில் வைத்துத்தான் என்று பெருமூச்சோடு உத்தரவு கொடுத்தார்.

கயலிடம் போனில் சொன்னேன். இப்போதெல்லாம் நானேதான் கூப்பிடுகிறேன்.

"தாங்கல் ஸ்டாண்ட் நான் வாங்கிட்டேன்பா. நானும் நீயும் ஒரே மரத்துல சாஞ்சு உக்காரப்போறோம். நான் உன் வலது பக்கம் உக்காந்துக்கறேன். டாம் வேற எடத்துக்குப் போயிடுவாரு. நாலு மணி நேரம் ஆவும். ஆனா ஒண்ணுப்பா... அங்க பேசவே கூடாது. ஒரு வார்த்த பேசினாக்கூட வான்கோழி ஓடிடும்."

நாலு மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டுமாம். நாலு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, பாதி உலகம் சுற்றிப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து.

"ஓடட்டும்மா" என்றேன்.